கடைமடைக்கு எழுதப்படாத பங்கு

ஒருகொடவத்தைச் சந்தியில் நாள் முழுக்கக் கொள்கலன் லொறிகள் வரிசையில் நிற்கும். அங்கிருந்து வடக்கே சிறிது தூரத்தில் களனி கங்கை கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. மழைக்காலம் வந்தால் இந்தப் பக்கத்திலும் வெல்லம்பிட்டி, கொலன்னாவையிலும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஒரு கணக்குத் தெரியும். நாகலகம் வீதி அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதே அது. 5 அடியைத் தொட்டால் அரிசி மூட்டையும் பள்ளிக்கூடப் புத்தகமும் அலுமாரிக்கு மேலே ஏறும். 2016 மே மாதம் அந்த அளவுகோல் 7 அடியைத் தாண்டியது. ஆங்கிலேயர் காலத்து வெள்ளத் தடுப்புக் கட்டுக்கு எந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்பதுதான் ஒரு குடும்பம் தப்புமா, முகாமுக்குப் போகுமா என்பதைத் தீர்மானித்தது.

அதே ஆற்றின் தலைப்பக்கத்தில் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. 1960களில் மவுஸ்ஸாகலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் அந்த ஊரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து வெளியே தெரியும். தோட்டத்து மக்கள் குடும்பமாக நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த நீர் லக்சபானாவில் மின்சாரமாகிறது, அம்பத்தளையில் கொழும்பின் குடிநீராகிறது, ஒருகொடவத்தையில் சில வருடங்களில் வெள்ளமாகவும் வருகிறது. 145 கிலோமீற்றரும் ஒரே நாட்டுக்குள்தான்.

இலங்கையில் 103 ஆற்றுப்படுகைகள் உண்டு. ஒன்றுகூட எல்லை தாண்டி வருவதில்லை, எல்லை தாண்டிப் போவதுமில்லை. அதனால்தான் சிந்து நதி, நைல் நதி, ஃபராக்கா என்று செய்தி வரும்போது கொழும்பு வாசகர் அதை வேறு யாருடைய சண்டையாகவோ வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார். நதி எல்லை தாண்டவில்லை என்பதால் நதி அரசியல் இந்தத் தீவுக்கு வராமல் போய்விடவில்லை. நாடுகளுக்கிடையே நடந்த அதே சண்டை இங்கே மாகாணங்களுக்கும் இனங்களுக்கும் இடையே நடந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அது பெரிய வித்தியாசம். நாடுகள் சண்டை பிடித்து முடிந்தபின் உட்கார்ந்து பங்கை எழுதிக்கொண்டன. இலங்கையில் கடைமடைக்காரருடைய பங்கை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது 1948 ஏப்ரல் 1ஆம் திகதி நடந்தது. பிரிவினை முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. இந்தியாவின் கிழக்குப் பஞ்சாப், பாகிஸ்தானின் மேற்குப் பஞ்சாபுக்குப் போகும் கால்வாய்களை மூடியது. அது விதைப்புக் காலம். லாகூரைச் சுற்றியிருந்த வயல்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. அடுத்த மாதமே இரு தரப்பும் தற்காலிக உடன்பாட்டுக்கு வந்தன, பிறகு உலக வங்கி நடுவில் வந்தது, பேச்சு வருடக்கணக்காக இழுபட்டது. 1960 செப்டெம்பர் 19ஆம் திகதி கராச்சியில் நேருவும் அயூப்கானும் கையெழுத்துப் போட்டார்கள். ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. 1965, 1971 யுத்தங்களிலும் 1999 கார்கில் மோதலிலும் அந்த ஒப்பந்தம் தப்பிப் பிழைத்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 23ஆம் திகதி இந்தியா அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தபோதுதான், எழுதி வைத்த காகிதமும் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தது. ஆனால் அதற்கு முன் 64 வருடங்கள் அது கோடிக்கணக்கான விவசாயிகளுக்குச் சோறு போட்டிருக்கிறது.

இரண்டாவது சம்பவம் 2006 ஜூலை பிற்பகுதியில், திருகோணமலை மாவட்டத்தின் தெற்கில் நடந்தது. மகாவலி கடலைச் சேருவதற்கு முன் பிரியும் கிளைகளில் ஒன்று வெருகல் ஆறு. அதிலிருந்து வயலுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் இடம் மாவிலாறு. மதகு அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருந்தது. அது நீர் கொடுத்த சேருவில, மூதூர்ப் பக்கத்து வயல்களில் பெரும்பகுதி அரசின் பக்கத்தில் இருந்தது. கதவுகள் மூடப்பட்டன. ஈச்சிலம்பற்றுப் பகுதிக்கு வரவேண்டிய குடிநீர் வசதி கிடைக்காததால் பொதுமக்களே மூடினார்கள் என்று புலிகள் சொன்னார்கள். இது புலிகளின் வேலை, 15,000 குடும்பங்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்றது அரசு. சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகள் மூவருமே அந்த வாய்க்கால்களின் கீழ் இருந்தார்கள் என்பது இரண்டு தரப்பின் பேச்சிலும் அமுங்கிப்போனது.

ஜூலை 26ஆம் திகதி விமானப்படை குண்டு போட்டது. ஓகஸ்ட் 6ஆம் திகதி போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் உல்ப் ஹென்றிக்சன் கதவைத் திறப்பதற்காக அந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது அரச படைகளின் ஷெல்கள் அந்தப் பகுதியில் வீழ்ந்தன. ஓகஸ்ட் 8ஆம் திகதி தண்ணீர் திறந்து விடப்பட்டது. சண்டை நிற்கவில்லை. அதற்கிடையில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். மாவிலாற்றில் தொடங்கிய படை நகர்வு கிழக்கு முழுவதையும் கடந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போய் முடிந்தது.

யுத்தத்துக்கு மாவிலாறுதான் காரணம் என்று சொல்ல முடியாது. இரண்டு தரப்பும் அதற்கு முன்பே ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பஞ்சாபில் மூடிய மதகு ஒப்பந்தத்தில் போய் முடிந்தது. மாவிலாற்றில் மூடிய மதகு ஏன் ஷெல்லடியில் முடிந்தது? விடை தேட ஆற்றோடு மேலே ஏறிப் போக வேண்டும்.

மகாவலி இலங்கையின் மிக நீளமான நதி; 335 கிலோமீற்றர். மத்திய மலைநாட்டில் பிறந்து கண்டியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு அதன் படுகை. 1960களில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு வரைந்த பெருந்திட்டம் 30 வருடங்களில் நிறைவேற வேண்டியது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு முக்கியமான அணைகளைத் தெரிந்தெடுத்து ஏறக்குறைய 6 வருடங்களுக்குள் சுருக்கியது. பொறுப்பான அமைச்சர் காமினி திசாநாயக்க. 1979இல் மகாவலி அதிகாரசபை சட்டத்தின் மூலம் உருவானது.

காசு வெளியிலிருந்து வந்தது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. விக்டோரியாவுக்கு மட்டும் பிரித்தானியா 10 கோடி பவுணுக்கும் மேற்பட்ட மானியம் கொடுத்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களாகத் திரும்பிப் போனது. 122 மீற்றர் உயரமான அந்த வளைவு அணையை 1985 ஏப்ரலில் திறக்க மார்கரட் தச்சர் நேரில் வந்தார். பழைய தெல்தெனிய நகரம் அதன் அடியில் கிடக்கிறது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறை நடந்து இரண்டு வருடம் ஆகாத நேரம் அது. வடக்கில் யுத்தம் தொடங்கிவிட்டது. அணையின் பக்கத்தில் நின்று ஒரு வெளிநாட்டுப் பிரதமர் கைகுலுக்குவது உலகத்துக்கு என்ன செய்தி சொல்லும் என்பது கொழும்புக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பங்குபோட அயல்நாடு எதுவும் இல்லாத ஒரு நதியின் மேல் தூரத்து நாடுகள் இப்படித்தான் உட்கார்ந்தன.

கொத்மலையின் கதை அதோடு முடியவில்லை. ஜப்பான் கடனில் கட்டிய மேல் கொத்மலைத் திட்டத்தை ஆறுமுகன் தொண்டமான் போன்ற மலையகத் தலைவர்கள் நீண்ட காலம் எதிர்த்தார்கள். தலவாக்கலையில் இடம் பெயர வேண்டியவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய மக்கள்தான். 150 மெகாவாற் மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. செயின்ட் கிளையர் அருவி மெலிந்தது.

கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லை என்ற இடத்தில் ஒரு தடுப்பணை உண்டு. சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் மகாவலியின் அரசியல் முழுவதையும் அந்த ஓர் இடத்தில் பார்த்துவிடலாம். வரும் தண்ணீரில் ஒரு பகுதியை ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாக உக்குவெலைக்குத் திருப்பினால் அது அம்பன் கங்கைக்கும் போவத்தன்னைக்கும் போய், அங்கிருந்து கலாவெவ வழியாக அநுராதபுரத்து வயல்களுக்கு ஏறும். திருப்பாமல் விட்டால் விக்டோரியாவுக்குள் விழுந்து, ரந்தெனிகலை, ரன்டம்பே என்று அடுத்தடுத்து மூன்று மின்நிலையங்களைச் சுழற்றும். வயலா மின்சாரமா என்ற தெரிவு இது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்பாக அதிகாரசபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் இயக்கத் திட்டமொன்றைத் தயாரிக்கிறது. மின்சார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மாவட்டச் செயலாளர்கள் எல்லோரும் அந்த மேசையில் இருப்பார்கள். கெட்டிக்காரப் பொறியியலாளர்கள் செய்யும் நல்ல வேலை அது. ஆனாலும் வெருகலின் கமக்காரருக்கு அந்தக் கணக்கில் ‘இவ்வளவு உனக்கு உரித்து’ என்று சட்டம் காக்கும் ஒரு வரி கிடையாது. மேலே யாரும் எடுக்காமல் மிஞ்சுவதுதான் அவருக்கு வரும்.

தண்ணீரோடு காணியும் வந்தது. இலங்கையில் அணையைப் பற்றிப் பேசும் எவரும் குடியேற்றத்தைப் பேசாமல் தாண்ட முடியாது. டி. எஸ். சேனாநாயக்க காலத்தில், 1949இல், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அமெரிக்க நிறுவனமொன்று கல்லோயா அணையைக் கட்டத் தொடங்கியது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையே முன்மாதிரி. நீர் பாய்ந்த நிலத்தில் தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் பெருவாரியாகக் குடியேறின. 1956இல் தமிழருக்கு எதிரான முதலாவது பெரிய வன்முறை அங்கேதான் வெடித்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. காணியில்லாத சிங்களக் குடியானவர் ஏழைதான், அவருக்கும் வயல் வேண்டும்தான். ஆனால் யாரை எங்கே இருத்துவது என்று தீர்மானித்தவர்கள் ஏழைகள் அல்லர்.

தமிழ்த் தலைமை இதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. 1957 பண்டா–செல்வா ஒப்பந்தத்தில் குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் அதிகாரம் பிராந்திய சபைகளுக்கு என்று எழுதினார்கள். அடுத்த வருடம் அது கிழிக்கப்பட்டது. 1965 டட்லி–செல்வா ஒப்பந்தத்தில் வடக்கு கிழக்குக் குடியேற்றங்களில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றவருக்கு முதலிடம், அடுத்து அங்கு வாழும் தமிழ் பேசுவோருக்கு என்று எழுதினார்கள். அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டு ஒப்பந்தங்களும் காணியை யாருக்குக் கொடுப்பது என்பதைத்தான் பேசின. தண்ணீரின் அளவைப் பேசவில்லை. அந்தக் காலத்தில் மகாவலி இன்னும் திரும்பவில்லை என்பதால் அந்தக் குறையைப் பெரிதாகச் சொல்வது நியாயமில்லை.

இந்த இடத்தில்தான் அயல்நாடு நேரடியாக வருகிறது. மகாவலி விழும் கொட்டியாரக் குடா திருகோணமலைத் துறைமுகத்தின் அண்டை. 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் செய்தபோது டெல்லியின் கண் அந்தத் துறைமுகத்தின் மேல் இருந்தது. அந்த ஒப்பந்தம் பெற்ற பிள்ளை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம். அதன் பின்னிணைப்பு ஒன்று காணியையும் நீர்ப்பாசனத்தையும் பற்றிப் பேசுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களைத் தொடும் திட்டங்கள், பெயர் சொல்லியே மகாவலி, மத்திய அரசின் பொறுப்பு. அவற்றில் காணிப் பங்கீடு தேசிய இன விகிதாசாரப்படி நடக்கும். அதற்குள் திட்டத்தால் இடம்பெயர்ந்தவருக்கும் மாவட்டத்தின் காணியற்றவருக்கும் முன்னுரிமை. மாகாணத்தின் குடிப்பரம்பல் இயன்றவரை பெரிதாக மாறக்கூடாது. கவனமாக எழுதிய வாசகங்கள். ஆனால் அவற்றை நடத்திவைக்க வேண்டிய தேசியக் காணி ஆணைக்குழு இதுவரை அமைக்கப்படவில்லை. நீரின் அளவு பற்றி அங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. டெல்லிக்குப் பாகிஸ்தானோடு நதியைப் பங்குபோட்ட அனுபவம் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அந்த அனுபவத்தில் ஒரு துளிகூட இந்தத் திருத்தத்துக்குள் வந்து சேரவில்லை.

விளைவு மணலாற்றில் தெரிந்தது. முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை மாவட்டங்கள் சந்திக்கும் அந்தப் பகுதியிலிருந்து 1980களின் நடுவில் தமிழ்க் கிராமங்கள் பெயர்க்கப்பட்டன. 1988இல் அது ‘எல்’ வலயம் என்று மகாவலி அதிகாரசபையின் கீழ் வந்தது, வெலிஓயா என்ற பெயரோடு. குடியேற்றம் வந்தது, அதிகாரசபையின் அலுவலகம் வந்தது. மகாவலித் தண்ணீர் வரவில்லை. வடக்கின் அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை சொல்லும் குற்றச்சாட்டு இது. இதில் மிகைப்படுத்தல் கிடையாது.

கொடை நாடுகள் மாறின, வழக்கம் மாறவில்லை. அம்பன் கங்கையில் மொரகஹகந்த அணையைச் சீன வங்கிக் கடனில் சீன நிறுவனம் கட்டியது. அந்தத் தண்ணீரை வடக்கு வரை கொண்டுபோகும் கால்வாய் வரைபடத்தில் இருக்கிறது, நிலத்தில் முடியவில்லை. மகாவலியின் துணையாறான உமா ஓயாவைத் தெற்கே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பும் திட்டத்துக்கு 2008 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் வந்து அடிக்கல் வைத்தார். தடைகளால் ஈரானின் பணம் பாதியில் நின்றது. மீதியை இலங்கை தன் கையிலிருந்து போட்டது. சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் பிளந்தன, சனங்கள் வீதிக்கு இறங்கினார்கள். 120 மெகாவாற் திட்டத்தை 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஜனாதிபதி ரைசி திறந்துவைத்தார். மேற்குலகம் ஈரானைத் தனிமைப்படுத்திக்கொண்டிருந்த மாதத்தில் அவர் மலைநாட்டு அணையொன்றில் நின்றார் என்பதை டெஹ்ரானின் ஊடகங்கள் பெருமையோடு காட்டின.

இதையெல்லாம் இனப் பிரச்சினை என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட முடியாது. இரணைமடு அதற்குச் சாட்சி. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளம் கிளிநொச்சி வயல்களின் உயிர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் கிணற்று நீர்தான் எல்லாம், அதிலும் உரத்தின் நைத்திரேற்றும் சுன்னாகத்துக் கழிவெண்ணெயும் கலந்தன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, குளக்கட்டை உயர்த்திக் குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகத் திட்டம் வந்தது. கிளிநொச்சிக் கமக்காரர் அமைப்புகள் எதிர்த்து நின்றன. சிறுபோகத்துக்கே ஒவ்வொரு வருடமும் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்துப் பங்குபோடும் குளத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். அங்கே சிங்களவருமில்லை, இராணுவமுமில்லை. தமிழர் தமிழரைக் கேட்ட கேள்வி அது. 2013இல் தெரிவான வட மாகாண சபைக்குள்ளேயும் அதைத் தீர்க்க வழி கிடைக்கவில்லை. கடைசியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தாளையடியில் எழுந்து 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்ற அளவில். ஆற்றுநீரைவிடப் பன்மடங்கு செலவாகும் தண்ணீர் அது. மேல்மடையும் கீழ்மடையும் ஒரே மொழி பேசினாலும், எழுதிய பங்கு இல்லாவிட்டால் சந்தேகம் வராமலிருக்காது.

பங்கை எழுதுவது எப்படியிருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் கங்கையின் மேலுள்ள ஃபராக்கா. 1975இல் இந்தியா அந்தத் தடுப்பணையை இயக்கத் தொடங்கியதும் கீழே இருந்த பங்களாதேஷ் கொதித்தது. அடுத்த வருடம் மௌலானா பாஷானி ஃபராக்காவை நோக்கி நீண்ட பேரணி நடத்தினார். 1996 டிசம்பர் 12ஆம் திகதி 30 வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜனவரி முதல் மே வரையான வறட்சிக் காலத்தைப் பத்துப் பத்து நாட்களாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டார்கள். வரத்து வினாடிக்கு 70,000 கனஅடி அல்லது அதற்குக் குறைவென்றால் பாதிப் பாதி. அதிலிருந்து 75,000 வரை பங்களாதேஷுக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கு மேல் போனால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் பங்களாதேஷுக்கு. ஃபராக்காவிலும் பங்களாதேஷின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரண்டு நாட்டு அலுவலர்களும் அளக்கிறார்கள். குறைகள் இருக்கின்றன. தீஸ்தா நதிக்கு இப்படியொரு உடன்பாடு 2011இல் கையெழுத்தாகும் தறுவாயில் மேற்கு வங்க முதல்வர் மமதா பானர்ஜி மறுத்ததால் நின்றுபோனது. மாநிலமும் மத்தியும் முரண்பட்டால் அயல்நாட்டு ஒப்பந்தமே சரியும் என்பதற்கு அது சான்று. கங்கை ஒப்பந்தத்தின் தவணையோ 2026 டிசம்பரில் முடிகிறது.

மகாவலிக்கு அப்படியொரு அட்டவணை போடுவதற்குப் புதிய அணையோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. பொல்கொல்லையில் எவ்வளவு திரும்புகிறது என்பது நாள்தோறும் பதிவாகிறது. கீழே மனம்பிட்டியில் ஆற்றின் வரத்தை அளக்கும் நிலையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு பத்து நாளுக்கும் மூன்று மொழியிலும் வெளிவர வேண்டும். வறட்சிக் காலத்தில் வெருகலுக்கும் மாவிலாற்றுக்கும் குறைந்தது எவ்வளவு என்பது மகாவலிச் சட்டத்தில் ஒரு பிரிவாக ஏற வேண்டும். செயலகத்தின் மேசையில் மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்றுக் கமக்காரரின் பிரதிநிதிகள் அலுவலரின் தயவில் வந்த பார்வையாளராக இல்லாமல், வாக்குள்ள அங்கத்தவராக உட்கார வேண்டும். மூன்று சமூகத்தவரும் ஒரே வாய்க்காலில் வயல் செய்கிறபடியால் அங்கே யார் பேசினாலும் மற்ற இருவருக்கும் சேர்த்தே பேச வேண்டியிருக்கும். பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையோடு செய்துமுடிக்கக்கூடிய திருத்தம் இது.